படத்துக்குப் பின்னால் ஒரு வரி

"ஒரு வெப் பேஜ் தொறந்து மூணாவது செகண்டுல பாக்கறவனுக்குக் கண்ணு கலங்கலன்னா, அதச் செஞ்சவன் கம்ப்யூட்டர வித்துட்டுக் காய்கறிக் கடை போட்டுறணும்."

இதைச் சொன்னபோது அவன் கையில் பாதி கடித்த பன் இருந்தது. முகத்தில் சிரிப்பு துளியும் இல்லை. கேன்டீனில் எங்கள் மேசையில் இருந்த ஐந்து பேரும் தலையாட்டினோம். வலைப்பக்கத்தைப் பார்த்துக் கண் கலங்கிய அனுபவம் எங்களுக்கும் உண்டு. ஆனால் அது தேர்வு முடிவு வந்த பக்கம்.

அவனுக்கு எங்கள் வகுப்பு வைத்த பெயர் பிக்ஸல். திரையில் இருக்கும் ஆகச் சிறிய புள்ளியின் பெயர் அது. ஒரு பொத்தான் அந்த ஒரு புள்ளி அளவுக்கு இடப்பக்கம் தள்ளியிருந்தாலும் அவனுக்குச் சோறு இறங்காது. கடைசி வருடத்தில் இணையப் பக்கங்கள் செய்வதுதான் எங்களுக்கு முதன்மைப் பாடம். நாங்கள் எல்லாரும் பக்கத்தை ஓடவைக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்க, அவன் மட்டும் நீலத்தில் பதினான்கு நீலம் எடுத்துவைத்து எது 'நம்பிக்கை தரும் நீலம்' என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

அந்தப் பாடத்தை எடுத்தவர் இருட்டு மேடம். இதுவும் நாங்கள் வைத்ததுதான். ஒவ்வொரு மாணவனும் தன் பக்கத்தை ஒப்படைக்கும் முன் ஆய்வகத்தில் அவர் எதிரே உட்காரவேண்டும். அவர் கையை நீட்டித் திரையை அணைத்துவிடுவார். மௌஸைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். காதில் ஹெட்போன், முன்னால் கீபோர்டு. பக்கத்தில் உள்ளதை ஒரு குரல் வாய்விட்டுப் படிக்கும்; அதைக் கேட்டே தன் பக்கத்தில் ஒரு வேலையை முடித்துக்காட்டவேண்டும். ஐந்து நிமிடம், பத்து மதிப்பெண்.

பொத்தான்கள் எல்லாவற்றுக்கும் பெயர் எழுதியிருந்தால்தான் குரல் பெயரைச் சொல்லும். எழுதாவிட்டால் "பொத்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். படங்களுக்கும் அப்படியே. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஒரு வரி எழுத இடம் உண்டு. கண்ணால் பார்க்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. காதால் கேட்கிறவருக்கு அந்த வரிதான் படம்.

பிக்ஸல் அந்தத் தேர்வுக்கே போகவில்லை. "பத்து மார்க்க இருட்டுக்குத் தானமாக் குடுத்துட்டேன்டா" என்றான். மேடம் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'பூஜ்யம், கேட்டு வாங்கியது' என்று எழுதினார். அன்று மதியம் அவன் கேன்டீனில் முகத்தில் துண்டைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, கைகளை நீட்டித் துழாவி, "பொத்தான்? பொத்தான்? டீ எங்கப்பா இருக்கு, பொத்தான்?" என்று மேசைமேசையாக வந்தான். டீ போடுகிறவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்.

சிரித்ததோடு விட்டிருக்கலாம். அவன் பக்கத்தின் முகப்பில் பெரிய படம் ஒன்று இருந்தது. அதன் பின்னால் எழுதவேண்டிய வரி காலியாகக் கிடந்தது. "எதாவது எழுதுவோம்டா, எவன் கேக்கப்போறான்" என்றான். நான் சொல்லச்சொல்ல அவன் தட்டினான்: 'கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளவும். இல்லாதவர்கள் அடுத்த பக்கம் செல்லவும்.'

எங்கள் இருவருக்கும் அன்று மிகவும் பிடித்த வரி அது.

*

பிக்ஸல் செய்தது ஒரு மருத்துவமனைக்கான பக்கம். எலும்பு முறிவு, மூட்டு வலி பார்க்கும் நடுத்தர மருத்துவமனை. யார் எந்த மருத்துவரை எப்போது பார்ப்பது என்று நேரம் பதிகிற பக்கம். அந்த வேலையை அவனுக்கு வாங்கிக்கொடுத்தது அவனுடைய அக்கா. எட்டு வருடமாக அங்கே தொலைபேசியில் நேரம் கொடுக்கிற வேலையில் இருப்பவர். பத்தொன்பது வயதில் தொடங்கி மூன்று வருடத்தில் பார்வை முழுக்கப் போனவர்.

இதைப் படிப்பவர் கேட்கப்போகும் கேள்வியை நானும் பின்னால் அவனிடம் கேட்டேன். அவன் சொன்ன பதில்: "அக்கா போன் எடுப்பாடா. கம்ப்யூட்டர்ல பக்கத்துல இருக்கறவங்க யாராவது போடுவாங்கன்னு நெனச்சேன்." வீட்டில் அவர் எந்நேரமும் ஒரு காதில் இயர்போனோடு இருப்பதைப் பார்த்திருக்கிறான். பாட்டு கேட்கிறார் என்று நினைத்தானாம். ஒன்பது வருடம் ஒரே வீட்டில், ஒரே பாட்டு.

பக்கத்தை மருத்துவமனைக் கணினியில் ஏற்றிய மறுநாள், வியாழக்கிழமை சாயங்காலம், அதைக் கொண்டாட நான் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். கொண்டாட்டம் என்றால் அவித்த உருளைக்கிழங்கும் டீயும். மழை பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் எல்லாரும் கொஞ்சம் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. அவன் அப்பா லிஃப்ட் மெக்கானிக். கிரீஸ் போகாத நகங்களோடு உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டிருந்தார். அம்மா பள்ளிப் பைகளுக்கு ஜிப் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா நனைந்து வந்தார். குடையைச் சுவரோடு சாய்த்துவைத்தார். தலையைத் துவட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்:

"திங்கக்கிழமையிலேர்ந்து எனக்குத் துணி மடிக்கிற ரூம்மா."

மெஷின் நின்றது. "என்ன துணி?" என்றார் அம்மா.

"பெட்ஷீட்டு, டாக்டர் கோட்டு. சம்பளம் அதேதான். புதுப் பேஜ் வந்துருச்சுல்ல. பழையத திங்கக்கிழமை மூடறாங்க. புதுசுல என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"பழகினா வந்துரும்க்கா" என்றான் பிக்ஸல். "ரொம்ப ஈஸி அது. கொழந்தகூட..."

"கொழந்தைக்கு வரும். எனக்கு வரல." கையை நீட்டினார். "உன் லேப்டாப்பக் குடு."

மடிக்கணினியை மடியில் வைத்து ஏதோ இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். குரல் பேசத் தொடங்கியது. எங்களுக்காக வேகத்தைக் குறைத்து, சத்தத்தைக் கூட்டினார். மழையை மீறி அது கேட்டது.

"பொத்தான். பொத்தான். பொத்தான். பொத்தான். படம் நாற்பத்தேழு. பொத்தான்."

"இதுல டாக்டர் யாரு, நேரம் எது, ரத்து பண்றது எது?" என்றார் அக்கா.

பிக்ஸல் எட்டிப் பார்த்தான். "ரெண்டாவது டாக்டர். ஸ்டெதஸ்கோப் படம் போட்டிருக்கேன்ல?"

"போட்டிருக்கியா? சந்தோஷம்."

அப்பா உருளைக்கிழங்கைக் கீழே வைத்தார். "டேய், லிஃப்டுக்குள்ள பட்டன்ல நம்பர் போடாம வெறும் பூவா வரஞ்சு வச்சேன்னு வையி, என்னய என்ன பண்ணுவாங்க?"

"அது வேறப்பா."

"வேறதான். நீ ஏழாவது மாடிக்குப் போகணும்னா ரோஜாப்பூவ அமுக்கணும். எனக்கு அன்னைக்கே சீட்டுக் கிழிஞ்சுரும்."

"நீங்க சும்மா இருங்க" என்றார் அம்மா. ஆனால் கண் மகன்மேலேயே இருந்தது.

அக்கா விசையைத் தட்டித்தட்டிப் பக்கத்தின் மேல்பகுதிக்கு நகர்ந்துகொண்டிருந்தார். முகப்பை நோக்கித்தான் போகிறார் என்று எனக்கு அப்போது உறைத்தது. பிக்ஸலுக்கும். அவன் கை மடிக்கணினியை நோக்கிப் பாதி தூரம் போய் நின்றது.

"படம்" என்றது குரல், யார்மேலும் கோபமில்லாத, யாருக்கும் பரிவுமில்லாத அந்தக் குரல். "கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளவும். இல்லாதவர்கள் அடுத்த பக்கம் செல்லவும்."

அப்பா எழுந்து கை கழுவப் போனார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"இத நேத்தே கேட்டுட்டேன்" என்றார் அக்கா. "நல்லவேள, இயர்போன் போட்டிருந்தேன். மேனேஜரு பக்கத்துலயே நிக்கிறாரு. 'என்னம்மா சொல்லுது'ன்னாரு. 'பழகணும் சார்'னேன். வாக்கியம் கச்சிதமா இருக்கு. ரெண்டு பேருல யாரு?"

"நாந்தான்க்கா" என்றேன்.

"போட்டது நான்" என்றான் பிக்ஸல்.

"சரி. உன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் படிச்சேன். எம்பத்திரெண்டு பக்கம். 'அனைவருக்குமான தளம்'னு மூணு எடத்துல எழுதியிருக்க." அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்போம். "அத விடு. அந்தப் படத்துல என்னடா இருக்கு?"

"ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரில எது?"

"முன்பக்கம்."

"படி தெரியுதா? எத்தன?"

பிக்ஸல் அந்தப் படத்தை மூன்று மணிநேரம் நிறம் திருத்தியவன். வானத்தை மட்டும் நான்கு முறை மாற்றியவன். படத்தைப் பார்த்தான். வெளிச்சம் அழகாக விழட்டும் என்று படி இருக்கும் பகுதியை வெட்டி எடுத்திருந்தான்.

"தெரியலக்கா."

"போன் பண்றவங்க நேரம் கேக்கறதுக்கு முன்னாடி அதத்தான்டா கேக்கறாங்க. கால் ஒடஞ்சவங்க. முட்டி மடக்க முடியாதவங்க. 'படி எத்தனம்மா?' அதுதான் மொதல் கேள்வி."

*

மறுநாள் வகுப்புக்குப் போகாமல் மருத்துவமனைக்குப் போனோம். அக்காவின் அறை மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு மின்விசிறி, இரண்டு தொலைபேசி, ஒரு கீபோர்டு, மேசைக்கு அடியில் முனகும் பழைய கணினி. எனக்கு ஏதோ குறைவதாகப் பட்டது. எது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

திரை இல்லை. திரை இருக்கவேண்டிய இடத்தில் சாப்பாட்டு டப்பா இருந்தது.

"அது ரெண்டு வருசம் முன்னாடி எக்ஸ்ரே ரூம்ல ஒண்ணு கெட்டுப்போச்சுன்னு எடுத்துட்டுப் போனாங்க" என்றார் அக்கா. "நானும் திருப்பிக் கேக்கல. எடம் கெடச்சுது."

தொலைபேசி அடித்தது. அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படிச் சொன்னாலும் குறைவாகத்தான் இருக்கும். ஒரு காதில் ஃபோன், மறு காதில் இயர்போன். "சொல்லுங்க. முட்டி எப்படி இருக்கு? போன வாரம் வரவே இல்லையே நீங்க. மருமக ஊருக்குப் போயிட்டாங்களா? சரி, புதன் பத்தரை போடட்டுமா? படி நாலுதான், சாய்வுப் பாதையும் இருக்கு, மெதுவா வாங்க." இவ்வளவு பேசும் நேரத்தில் விரல்கள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. தேடியது, திறந்தது, காலி நேரம் பார்த்தது, பதிந்தது. ஃபோனை வைக்கும்போது வேலை முடிந்திருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நொடி.

அடுத்த அழைப்பு வருமுன் இயர்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "கேளு, பாட்டு."

தகர டப்பாவில் நூறு வெட்டுக்கிளியைப் போட்டுக் குலுக்கியதுபோல் இருந்தது. ஒரு சொல்கூட, ஒரு எழுத்துகூட எனக்குப் பிடிபடவில்லை. அது தமிழ்தான் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

"இதுல பேச்சு எங்கக்கா இருக்கு?"

"முழுக்கப் பேச்சுதான். நீங்க ஒரு பக்கத்தப் பாக்கும்போது ஒவ்வொரு எழுத்தா பாக்கறீங்க? கண்ண ஓட்டறீங்கல்ல? நான் காத ஓட்டறேன்."

கால் மணிநேரத்தில் ஒன்பது பேருக்கு நேரம் கொடுத்தார். ஒன்பது பேரையும் 'ஹலோ' என்ற ஒரே சொல்லில் அடையாளம் கண்டார். பழைய பக்கம் எப்படி இருக்கும் என்று பிக்ஸல் தன் மடிக்கணினியில் திறந்து பார்த்தான். சாம்பல் நிறம், கட்டம்கட்டமாக எழுத்து, அலங்காரம் என்று ஒரு கோடுகூடக் கிடையாது. எங்கள் வகுப்பில் யாராவது அதைக் கொண்டுவந்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்போம். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் இருந்தது. நாலு வருடம் படித்தும் எனக்குத் தெரியாமல் இருந்தது அன்றுதான் தெரிந்தது: நாங்கள் பார்ப்பது பக்கத்துக்குப் பூசிய வண்ணத்தை. அடியில் இருப்பது எழுத்து, வெறும் எழுத்து, வரிசையாக, அறை அறையாக. அதற்குள் விளக்கே போடாமல் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார், எங்கேயும் இடித்துக்கொள்ளாமல்.

என் கண் லேசாகக் கலங்கியது. அந்த மின்விசிறியைத் துடைத்து வருடக்கணக்காகியிருக்கும்.

கிளம்பும்போது பிக்ஸல் கேட்டான்: "எப்பவும் இவ்வளவு வேகமாவாக்கா?"

"இன்னைக்கு நீங்க இருக்கீங்கன்னு கொஞ்சம் மெதுவா."

*

சனிக்கிழமை முழுக்க ஆய்வகத்தில் இருந்தோம். பெயரில்லாத பொத்தான்களும் படங்களுமாக நூற்று முப்பத்தேழு. நான் எண்ணிச் சொல்ல, அவன் ஒவ்வொன்றாகப் பெயர் எழுதினான். 'மருத்துவரைத் தேர்ந்தெடு.' 'நேரத்தை ரத்து செய்.' 'முந்தைய நாள்.' எழுபதாவது பெயர் போய்க்கொண்டிருந்தபோது இருட்டு மேடம் உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"அந்தப் பத்து மார்க் திரும்ப வராது" என்றார்.

"தெரியும் மேடம்."

அவர் போகும்போது தன் பையிலிருந்து ஒரு மௌஸை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். போன வருடம் பிடுங்கியது போலிருக்கிறது, யாருடையதோ.

ஞாயிறு மதியம் அக்கா அதைச் சோதித்தார். வெளியே மழை விட்டிருந்தது. தகரத்திலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டது. அம்மா மெஷினில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தார். அப்பாவும் வேலைக்குப் போகவில்லை. ஞாயிறன்று லிஃப்ட் எதுவும் கெட்டுப்போகாது என்று சொல்லிக்கொண்டார்.

அக்காவின் விரல் நகர்ந்தது. டாக்டர் பெயர் வந்தது. நோயாளி பெயர் போட்டார். தேதிக்குப் போனார். அங்கே நின்றார். மறுபடி நகர்ந்தார். மறுபடி அங்கேயே வந்தார்.

"உள்ள போயிட்டேன். வெளிய வர வழி தெரியல. சுத்திச்சுத்தி அங்கயே விடுது. அப்பா, லிஃப்ட் மாட்டிக்கிச்சு."

"அலாரத்த அடி" என்றார் அப்பா.

தேதி எடுக்கும் இடம் பிக்ஸலின் பெருமை. தொட்டால் ஒரு மொட்டு விரிகிற மாதிரி முப்பது நாளும் இதழ் இதழாகத் திறக்கும். பதினோரு நாள் உட்கார்ந்து செய்தது. மதிப்பெண் போட வேறு கல்லூரியிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றே விட்டார். மௌஸால் மட்டும்தான் அது திறக்கும், மூடும்.

"இத மட்டும் மாத்தி எழுத ஒரு வாரம் ஆகும்" என்றான் மெதுவாக. "நாளைக்கு திங்கக்கிழம."

அக்கா மடிக்கணினியை அவன் பக்கம் தள்ளிவைத்தார். அவ்வளவுதான்.

அவன் கொஞ்ச நேரம் அந்தப் பூவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். பிறகு அதற்காக எழுதிய அறுநூறு வரிகளை மேலிருந்து கீழ்வரை தேர்ந்தெடுத்தான். ஒரே விசையில் அழித்தான். அந்த இடத்தில் மூன்று கட்டம் வைத்தான். நாள், மாதம், வருடம். சாம்பல் நிறக் கட்டம். நம்பிக்கை தரும் நீலம்கூட இல்லை.

அக்கா மறுபடி தொடங்கினார். அறுபத்திரண்டு நொடி. "இன்னொரு தடவ." நாற்பத்து நாலு. "இரு, குறுக்கு வழி ஒண்ணு இருக்கு." முப்பத்தாறு.

"பழசவிட நாலு செகண்டு கம்மி" என்றேன்.

"சும்மா சொல்லக்கூடாது" என்றார் அக்கா, "தம்பி நல்லாத்தான் கட்டியிருக்கான். கதவுலதான் பேர் எழுதல."

அம்மா எழுந்துபோய் டீ வைத்தார். அப்பா மகனின் முதுகில் ஒன்று வைத்தார். அடியா தட்டலா என்று சொல்லமுடியாத அளவில்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றார். அக்கா அவர் முன்னால் மூன்று அழைப்பு எடுத்தார். மூன்றும் புதுப் பக்கத்தில். மேனேஜர் குனிந்து மேசையைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார். எட்டு வருடம் கழித்து முதல்முறையாகப் பார்க்கிறார் போலிருந்தது.

"ஏம்மா, இதுக்கு ஸ்கிரீன் எங்க? ஒண்ணு கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேணாம் சார். சாப்பாட்டு டப்பா வைக்க எடம் இருக்காது. பெட்ஷீட்டு மடிக்க வேற யாரையாவது பாத்துக்கங்க."

அவர் "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு, வந்ததைவிட மெதுவாகப் போனார்.

இதைச் சொல்லலாம் என்று பிக்ஸலைத் தேடினேன். மருத்துவமனை வாசலில் இருந்தான். படி ஏறிக்கொண்டிருந்தான். இறங்கி மறுபடி ஏறினான். கண்ணை மூடியிருந்தான். முகத்தில் துண்டு இல்லை, வாயில் "பொத்தான்" இல்லை. கைப்பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் காலால் தடவிப் பார்த்து ஏறினான். கடைசிப் படியில் கால் தட்டித் தடுமாறினான். நின்று, இறங்கி, அந்த ஒரு படியை மட்டும் மறுபடி ஏறிப் பார்த்தான். வாசலில் கட்டுப்போட்ட காலோடு நின்ற ஒருவர் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்.

பிறகு ஓரமாக உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தான். முகப்புப் படத்தில் வெட்டிய படிகளைத் திரும்பச் சேர்த்து, அதன் பின்னால் இருந்த எங்கள் வரியை அழித்தான். திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கருப்பாகும்வரை குறைத்தான். தட்டினான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் இயர்போனில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தான். குரல் எனக்குப் புரிகிற வேகத்தில் படித்தது.

"படம். மருத்துவமனை வாசல். நான்கு படிகள். இடப்பக்கம் சாய்வுப் பாதை, கைப்பிடியுடன்."

அவன் யோசித்தான். இருட்டுத் திரையைப் பார்த்தபடியே இன்னும் ஒரு வரி சேர்த்துவிட்டு, முதலிலிருந்து கேட்டான்.

"நான்காவது படி சற்று உயரம்."